தீப்பெட்டிக்குச் சக்கரம்: வால்வோ 240

லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் என்று பேரெடுத்த ஒரு காரில், ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர்தான் சீக்கிரம் நின்றுபோகும். வால்வோ 240 வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் குறை இது. ஸ்பீடோமீட்டருக்குள் விரல் நகம் அளவில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது. பல வருடச் சூட்டிலும் குளிரிலும் அது காய்ந்து மொறுமொறுப்பாகி, ஒருநாள் ஒரு பல் உதிர்ந்துவிடும். அத்தோடு எண்கள் உருள்வது நின்றுவிடும். வேகம் காட்டும் முள் வழக்கம்போல ஆடும். வண்டியும் வழக்கம்போல ஓடும். கணக்குதான் இருக்காது. பழைய 240 ஒன்று விலைக்கு வந்து, மீட்டரில் 2,40,000 கிலோமீட்டர் என்று இருந்தால், அது எந்த வருடத்து 2,40,000 என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் வால்வோ என்றதும் கார் நினைவுக்கு வருவதில்லை. இரவில் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் பெங்களூரில் இறக்கிவிடும் ஏசி பஸ்தான் கண்முன் வரும். பெயர் ஒன்று, வீடு இரண்டு. 1999இல் கார்ப் பிரிவை மட்டும் அமெரிக்காவின் ஃபோர்டு வாங்கிக்கொண்டது. 2010இல் அதனிடமிருந்து சீனாவின் ஜீலி வாங்கியது. பஸ்ஸும் லாரியும் பழைய ஸ்வீடன் குழுமத்திடமே நின்றுவிட்டன. 240 பிறந்தது இவை எல்லாம் கூட்டுக்குடும்பமாக இருந்த காலத்தில். 1974 முதல் 1993 வரை பத்தொன்பது ஆண்டுகள். 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். மூக்கு சதுரம், முதுகு சதுரம், ஹெட்லைட்டும் சதுரமாகிவிட்ட காலம் உண்டு. தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்து உருட்டி விளையாடியவர்களுக்கு இதன் உருவத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெட்டியைப் பார்க்கிறவர்கள், தடித்த இரும்பு, அதனால்தான் உயிர் காக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உள்ளே நடந்திருக்கும் வேலை வேறு. எந்த இடம் விறைத்து நிற்க வேண்டும் என்று யோசித்த அதே அளவுக்கு, எந்த இடம் நசுங்கிக் கொடுக்க வேண்டும் என்றும் யோசித்துச் செய்த வண்டி இது. அந்த யோசனை ஒரே நாளில் வந்ததல்ல. விபத்துகளை எண்ணி எண்ணிச் சேர்த்தது.

வால்வோ என்பது லத்தீன் சொல். ‘உருள்கிறேன்’ என்று பொருள். பேரிங் செய்யும் எஸ்கேஎஃப் நிறுவனம் 1915இல் பதிந்துவைத்த பெயர். பேரிங்குக்குப் பொருத்தமான பெயர்தான், காருக்கும் பொருந்திவிட்டது. அசார் கப்ரியேல்சன் என்ற விற்பனைக்காரரும் குஸ்தாவ் லார்சன் என்ற பொறியாளரும் கூடி, எஸ்கேஎஃப் பணத்தில், யோத்தபரி நகரை ஒட்டிய ஹிஸிங்கன் தீவில் தொழிற்சாலை தொடங்கினார்கள். 1927 ஏப்ரல் 14 அன்று முதல் கார் வெளியே வந்தது. வெளிநாட்டுக் கார்கள் ஸ்வீடனின் சரளைக்கல் சாலையையும் நீண்ட குளிரையும் தாங்கவில்லை என்பதுதான் அவர்கள் வாதம். ஸ்வீடன் சாலையில் இன்னோர் ஆபத்தும் உண்டு: மூஸ் என்னும் பெரிய மான். வளர்ந்தது நானூறு, ஐந்நூறு கிலோ இருக்கும். நீண்ட கால்கள்; உடல் மேலே. கார் மோதினால் பம்பர் தட்டுவது காலைத்தான். உடம்பு முழுக்கக் கண்ணாடி மேலும் கூரை மேலும் வந்து விழும். கூரையையும் அதைத் தாங்கும் தூண்களையும் பற்றி ஸ்வீடன்காரர்கள் அதிகம் கவலைப்படுவதற்குக் காரணம் ஏட்டுப் படிப்பு மட்டும் அல்ல.

240இன் கதையை 1959இல் தொடங்குவது நியாயம். அதற்கு முந்தைய வருடம் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வால்வோவில் சேர்ந்தார். அதுவரை சாப் விமான நிறுவனத்தில், ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு வெளியே வீசியெறியும் கருவிகளில் வேலை பார்த்தவர். ஆளை வெளியே எறிவதில் தேர்ந்தவரிடம், ஆளை உள்ளேயே பிடித்துவைக்கும் வேலை வந்து சேர்ந்தது. இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, இரண்டும் இடுப்பின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ளும். ஒரு கையால் மாட்டலாம். இன்று உலகத்தில் எந்தக் காரில் ஏறினாலும் இழுத்து மாட்டுவது இதைத்தான். காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ திறந்துவிட்டது.

பெல்ட்டைக் கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்வீடனில் வால்வோ கார்கள் சிக்கிய 28,000 விபத்துகளின் விவரங்களைத் திரட்டி, 1967இல் போலின் வெளியிட்டார். பெல்ட் போடாதவர்கள் எல்லா வேகத்திலும் செத்திருந்தார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற சைக்கிள் வேகத்தில்கூட. பெல்ட் போட்டவர்களில், மணிக்கு சுமார் 95 கிலோமீட்டருக்குக் கீழே நடந்த விபத்தில் ஒருவரும் இறக்கவில்லை. கார் விற்பவர்கள் தங்கள் கார் மோதிய கதையைத் தாங்களே எண்ணி வெளியிடுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. 1970இல் இதற்கென்றே தனிக் குழு அமைத்தார்கள். யோத்தபரி சுற்றுவட்டாரத்தில் வால்வோ ஒன்று பெரிய விபத்தில் சிக்கினால் குழு அங்கே போகும்; சாலையில் டயர் தேய்ந்த தடத்தை அளக்கும், நசுங்கிய வண்டியை அளக்கும், பிழைத்தவர்களிடம் பேசும்.

இதற்கு நடுவே 1966இல் 144 வந்தது. 240இன் தந்தை என்றே சொல்லலாம். வரைந்தவர் யான் வில்ஸ்கோர்டு. அதற்கு முன் வந்த அமேசான் காரின் வளைந்த அழகும் அவர் கைவண்ணமே. வளைவு போட முடியாதவர் சதுரம் போட்டார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உள்ளே இடம் வேண்டும், நாலு பக்கமும் தெரிய வேண்டும், வண்டியின் மூலை எங்கே முடிகிறது என்று ஓட்டுபவருக்குப் புரிய வேண்டும். இந்த மூன்றையும் கேட்டால் கோடு தானாகவே நேராகிவிடும். பிரேக்கில் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: எண்ணெய் போகும் வழி இரண்டு, ஒவ்வொரு வழியும் முன்சக்கரம் இரண்டையும் பின்சக்கரம் ஒன்றையும் பிடிக்கும். ஒரு குழாய் வெடித்துப்போனாலும் பிரேக்கின் பலத்தில் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சும்.

144 பற்றிய இன்னொரு கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1974 வாக்கில் வடகொரியா சுமார் ஆயிரம் 144 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கார்கள் போய்ச் சேர்ந்தன, பணம் வரவில்லை. ஸ்வீடனின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத வாரியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவந்தது. வட்டி குட்டி போட்டு, மற்ற சரக்குகளின் பாக்கியும் சேர்ந்து, 200 கோடி குரோனரைத் தாண்டிவிட்டது. கார்களோ பியோங்யாங்கில் டாக்சியாகப் பல காலம் ஓடின.

1972இல் ஜெனீவா கண்காட்சியில் வால்வோ ஒரு பரிசோதனைக் காரை வைத்தது. வால்வோ பரிசோதனைப் பாதுகாப்புக் கார் என்பதே அதன் பெயர். விற்பனைக்கல்ல, மோதிப் பார்ப்பதற்கு. முன்பக்கமும் பின்பக்கமும் அடியை வாங்கிக் கசங்க வேண்டும், நடுவில் ஆட்கள் இருக்கும் கூண்டு குலையக்கூடாது, என்ஜின் ஆட்கள் மேல் வராமல் கீழே நழுவ வேண்டும் என்றெல்லாம் அதில் சோதித்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1974 ஆகஸ்டில், 144இன் நடுப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தப் பரிசோதனைக் காரின் மூக்கை ஒட்டவைத்ததுபோல் ஒரு வண்டி அறிமுகமானது. அதுதான் 240. அடுத்த ஜனவரி முதல் தேதி ஸ்வீடனில் முன் இருக்கைக்காரர்கள் சீட் பெல்ட் போடுவது சட்டமானது. பொருத்தமான வேளை.

பெயரில் ஒளிவுமறைவு கிடையாது. முதல் எண் வரிசை, நடு எண் சிலிண்டர், கடைசி எண் கதவு. 242 என்றால் நாலு சிலிண்டர், இரண்டு கதவு. 244 நாலு கதவு. 245 என்றால் ஐந்தாவது கதவு பின்னால், மேலே தூக்கித் திறக்கும் கதவு. ஆறு சிலிண்டர் உள்ளது 264. நகரப் பேருந்து வழித்தட எண் மாதிரி தெளிவாக இருந்த இந்த ஏற்பாட்டை 1980களின் தொடக்கத்தில் கைவிட்டு, எத்தனை கதவு இருந்தாலும் 240 என்றே ஒட்டினார்கள்.

பானட்டைத் திறந்தால் சிவப்புச் சாயம் அடித்த வார்ப்பிரும்பு என்ஜின், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். 2.1 லிட்டர் பி21, பிற்பாடு 2.3 லிட்டர். சக்தி பெரிதில்லை, ஆனால் பொறுமை அதிகம். டைமிங் பெல்ட் ஓடும்போதே அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து எல்லாம் நாசமாகும். இதில் இடிக்காத அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். புது பெல்ட்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். என்ஜினைச் சுற்றிலும் மெக்கானிக்கின் முழங்கை போகும் அளவுக்கு இடம் கிடந்தது. முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பை மாற்றியதால் வந்த இடம் அது. சக்கரமும் நன்றாகத் திரும்பியது. 4.8 மீட்டர் நீளமுள்ள வண்டி 9.8 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும். பல சின்னக் கார்களால் அது முடியாது. பெரிய பெட்டியைக் குறுகிய தெருவில் ஒரே மூச்சில் திருப்புவதைப் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள்.

குறை இல்லாத வண்டி என்று யாரும் எண்ண வேண்டாம். 1980களின் நடுப்பகுதி வரை வந்த பல வண்டிகளில் என்ஜின் ஒயரிங்கின் மேலுறை சில வருடங்களில் பொரிந்து, வெறும் கம்பி தெரிய ஆரம்பித்தது. ஹீட்டர் ஃபேன் கெட்டால் டேஷ்போர்டைப் பிரித்து, உள்ளே கிடக்கும் எல்லாவற்றையும் எடுத்தால்தான் கை போகும். முதலில் அந்த ஃபேனை நட்டுவிட்டு, சுற்றிலும் காரைக் கட்டினார்கள் என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். பின்சக்கரத்தில் இழுக்கும் வண்டி என்பதால் பனியில் வாலை வீசும். அந்த விஷயத்தில் உள்ளூர்ப் போட்டியாளரான சாப், முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளைச் செய்து முன்னே நின்றது. பெஜோ, ரெனோ நிறுவனங்களோடு சேர்ந்து செய்த ஆறு சிலிண்டர் என்ஜினில் தேய்மானப் புகார்கள் அதிகம். உயர்ந்த வீட்டுப்பிள்ளை போல வந்த 260 வரிசை முன்பே மறைந்துவிட, ஏழை வீட்டுப்பிள்ளையான நாலு சிலிண்டர் வண்டி கடைசிவரை நின்றது.

இரண்டு விஷயத்தில் அந்தப் பெட்டி உலகத்தையே மாற்றியது. அவற்றில் ஒன்று கண்ணுக்குத் தெரியாதது.

அமெரிக்காவில், குறிப்பாக கலிபோர்னியாவில், 1970களில் புகைமூட்டம் தொண்டையைப் பிடித்தது. சைலன்சர் வழியே வரும் மூன்று நச்சுகளை, அதாவது கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றை, ஒரே கருவியால் அழிக்க முடியும் என்பது தெரிந்திருந்தது. சிக்கல் வேறு. முதல் இரண்டையும் எரிக்க ஆக்சிஜன் வேண்டும். மூன்றாவதை உடைக்க ஆக்சிஜன் இருக்கக்கூடாது. இரண்டும் ஒருசேர நடக்க வேண்டுமானால், பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற அளவில் கலவை நூலிழை பிசகாமல் நிற்க வேண்டும். அதுவரை எந்தக் காரும் அப்படிச் செய்ததில்லை. வால்வோவில் ஸ்டீஃபன் வால்மன் தலைமையில் நடந்த வேலையில், போஷ் நிறுவனம் செய்த ஒரு சிறிய உணரியைப் புகைபோகும் குழாயில் திருகி வைத்தார்கள். வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அது மோந்து பார்க்கும். அதிகமென்றால் பெட்ரோலைக் கூட்டு, குறைவென்றால் குறை என்று என்ஜினுக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். சமையல் முடிந்தபின் உப்பு பார்ப்பதற்குப் பதில், கொதிக்கும்போதே கரண்டியில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதைப் போல. 1976இல் கலிபோர்னியாவுக்குப் போன 240 கார்களில் இது வந்தது. நச்சுப்புகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. லாம்டா உணரி என்பது அதன் பெயர். இன்று பெட்ரோல் கார் எதை எடுத்தாலும், மோட்டார் சைக்கிள்களில்கூட, அது இருக்கிறது. வால்வோ என்ற பெயருக்குப் பாதுகாப்பு ஒட்டிக்கொண்டதுபோல இந்தச் சாதனை ஒட்டிக்கொள்ளாதது ஆச்சரியம்தான்.

இன்னொன்று அதே 1976இல் நடந்தது. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 24 வால்வோ 240 கார்களை வாங்கியது. ஓட்டுவதற்கல்ல. கார்கள் எவ்வளவு மோதலைத் தாங்க வேண்டும் என்று விதி எழுதுவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது; அதற்காக மோதி உடைத்துப் பார்க்க.

கார் எப்படி இருந்தது என்பதைப்போல, அதைச் செய்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதும் அந்த வருடங்களில் உலகச் செய்தி ஆனது. 1971இல் பெர் யில்லன்ஹாமர் வால்வோவின் தலைவரானார். வயது 36. முந்தைய தலைவர் குன்னர் எங்கலாவ் அவருடைய மாமனார். மருமகன் வந்த வழியைப் பற்றி ஊர் என்ன பேசியிருக்கும் என்று ஊகிக்கலாம்; ஆனால் மருமகன் யோசித்தது மாமனார் யோசிக்காதது. அன்று ஸ்வீடனில் வேலைக்கு ஆள் கிடைப்பதே கடினம். படித்த இளைஞர்கள், ஓடும் பட்டையின் முன் நின்று நாள் முழுக்க ஒரே போல்ட்டைத் திருகும் வேலையை வெறுத்தார்கள். வந்தவர்கள் நிலைப்பதில்லை, நிலைத்தவர்கள் லீவு போட்டார்கள். யில்லன்ஹாமர் பட்டையையே எடுத்துவிட்டார். 1974இல் தென்கிழக்கு ஸ்வீடனின் கல்மார் நகரில் திறந்த ஆலையில், இருபது பேர் அளவில் குழுக்கள். ஒரு குழு மின்சார வேலை முழுவதையும் பார்க்கும், இன்னொன்று உட்புறத்தைப் பார்க்கும். கார்கள் பேட்டரியில் ஓடும் தட்டுவண்டிகளில் வந்து நிற்கும். அடிப்பக்க வேலை என்றால் தட்டுவண்டி காரை ஒருக்களித்துச் சாய்த்துக் கொடுக்கும். தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். யார் எந்த வேலையைச் செய்வது, எப்போது மாற்றிக்கொள்வது என்பதைக் குழுவே முடிவு செய்யும். ஒவ்வொரு குழுவுக்கும் தனி வாசல், காப்பி குடிக்கத் தனி அறை, ஸ்வீடன் அல்லவா, நீராவிக் குளியலறையும் உண்டு. பல நாட்டுத் தொழிற்சங்கத்தாரும் பேராசிரியர்களும் பார்க்க வந்தார்கள். வேலைத்தரம் பற்றியும் செலவு பற்றியும் வாதம் ஓயவில்லை. 1994இல் ஆலையை மூடிவிட்டார்கள். பட்டைக்கு மாற்று உண்டு என்று காட்டிய ஆலை அது. மூடியதை வைத்து யோசனையே தவறு என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

ஸ்வீடனில் ஒரு சொல்வழக்கு உண்டு: வால்வோ, வில்லா, வோவ்வெ. கார், தனி வீடு, நாய்க்குட்டி. நடுத்தரக் குடும்பத்தின் கனவு இந்த மூன்று ‘வ’க்களில் அடங்கிவிடும். அந்த முதல் ‘வ’ பெரும்பாலும் 245தான். செய்த மொத்த 240களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பின்கதவு தூக்கித் திறக்கும் இந்த நீளக்கூரை வண்டிகளே. பின்இருக்கையை மடித்தால் ஆறடி ஆள் படுக்கலாம். சரக்குத் தளத்தின் அடியில் மடங்கிக்கிடக்கும் கூடுதல் இருக்கையை எடுத்து நிறுத்தினால் இரண்டு சிறுபிள்ளைகள் பின்பக்கம் பார்த்து உட்காரலாம். நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற காரோட்டிக்குக் கைகாட்டி, நாக்கை நீட்டி, முகத்தைச் சுளித்துக் காட்டியபடி அவர்கள் போவார்கள். பின்னாலிருந்து யாராவது மோதினால் என்ன ஆகும் என்ற கேள்வி இன்று எழும். அன்றைய அறிவுக்கு, பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தையின் கழுத்துக்கு முன்மோதலில் ஆபத்து குறைவு என்பது பெரிய கண்டுபிடிப்பு. வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களின் பெல்ட்டைச் சரியாகப் போட்டுக்கொள்ள உயர்த்தும் திண்டும் 1970களில் வால்வோ கொண்டுவந்ததுதான்.

எளியவர் வண்டி என்று பேரெடுத்ததைப் பெரியவர்களும் விட்டுவைக்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்டுத் தலைவர்கள் சோவியத் காரை விட்டுவிட்டு 264ஐ நடுவில் வெட்டி நீட்டிய டிஈ வகையை இத்தாலியின் பெர்த்தோனே பட்டறையிலிருந்து வரவழைத்தார்கள். மக்கள் டிராபண்ட் காருக்குப் பத்து வருடத்துக்கு மேல் வரிசையில் நின்றார்கள். தலைவர்கள் குடியிருந்த வான்ட்லிட்ஸ் வனக்குடியிருப்புக்குக் கிழக்கு பெர்லின்காரர்கள் ‘வால்வோகிராடு’ என்று பெயர் வைத்தார்கள். சமத்துவம் பேசியவர்களைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எழுத எழுத்தாளர் தேவையில்லை.

பெட்டி பந்தயத்துக்கும் போனது. 1985இல் டர்போ பொருத்திய 240, ஐரோப்பிய டூரிங் கார் பட்டத்தை வென்றது. ஓட்டியவர்கள் ஜான்ஃப்ராங்கோ பிராங்கத்தெல்லி, தாமஸ் லிண்ட்ஸ்ட்ரம். அதே வருடம் ஜெர்மன் பட்டமும், அடுத்த வருடம் ஆஸ்திரேலியப் பட்டமும் வந்தன. பறக்கும் செங்கல் என்று பத்திரிகைகள் எழுதின.

பெயர் ஏறஏற, அதைக் காசாக்கும் ஆசையும் ஏறுமல்லவா. ஒரு வால்வோவின் தலையில் ஆறு வால்வோக்களை அடுக்கி, பாருங்கள் கூரையை என்று விளம்பரம் செய்த நிறுவனம் அது. 1990இல் அமெரிக்கக் கிளைக்காக ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம். கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஆள் உயரச் சக்கரங்கள் கொண்ட ‘பேர் ஃபுட்’ என்ற ராட்சத வண்டி அவற்றின்மேல் ஏறிப்போகிறது. மற்ற கார்களின் கூரைகள் அப்பளமாக நொறுங்குகின்றன. நடுவில் நின்ற 240 மட்டும் அப்படியே நிற்கிறது. படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்தவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிட்டார்கள்: வால்வோவுக்குள் மரக்கட்டையும் இரும்பும் முட்டுக் கொடுத்திருந்தார்கள், மற்ற கார்களின் கூரைத் தூண்களை அறுத்துவைத்திருந்தார்கள். செய்தி மாநில அட்டர்னி ஜெனரல் ஜிம் மேட்டாக்ஸிடம் போனது. விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. வால்வோ செய்தித்தாள்களில் திருத்தம் வெளியிட்டது. பல வருடமாக அவர்களுக்கு வேலைபார்த்த விளம்பர நிறுவனம் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியது. அமெரிக்க வணிக ஆணையம் இரு தரப்புக்கும் தலா 1,50,000 டாலர் செலுத்த உத்தரவிட்டது.

பொய் சொன்னது மட்டுமல்ல குற்றம். அவர்கள் காட்ட நினைத்ததே தங்கள் பொறியாளர்கள் முப்பது வருடம் சொல்லிவந்ததற்கு எதிரானது. மோதலில் உயிர் பிழைப்பது நசுங்காத வண்டியால் அல்ல, சரியான இடத்தில் நசுங்கும் வண்டியால் என்று போலினின் காலத்திலிருந்து எண்ணிக் காட்டியவர்கள், கடைசியில் நசுங்காத பெட்டி என்று முட்டுக்கொடுத்துப் படம் எடுத்தார்கள். 240ஐப் பற்றி இன்றும் உலவும் தப்பெண்ணத்துக்கு அந்த மனப்பான்மையும் ஒரு காரணம். பழைய 240 ஒன்றை வாங்கி, இதைவிடப் பாதுகாப்பு உண்டா என்று குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். ஓட்டுநருக்குக் காற்றுப்பையும், சறுக்காமல் நிற்கும் ஏபிஎஸ் பிரேக்கும் அதன் கடைசி மூன்று நான்கு வருடங்களில்தான் வந்தன. பக்கவாட்டுக் காற்றுப்பை எப்போதும் வந்ததில்லை. 1974இல் முன்னணியில் நின்ற பாதுகாப்பு, இன்று சாதாரணச் சின்னக் காரின் பின்னால் நிற்கிறது. அதில் அவமானம் எதுவும் இல்லை. அந்தச் சின்னக் காரில் இருக்கும் பெல்ட்டும் லாம்டா உணரியும் வால்வோ வழியாக வந்தவைதானே.

1982இல் 760, 1984இல் 740 என்று புதிய வண்டிகள் வந்தபோது 240 ஓய்வுபெறும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வாங்குகிறவர்கள் விடவில்லை. ஸ்வீடனிலும் பெல்ஜியத்திலும் கனடாவிலும், கோலாலம்பூரை அடுத்த ஷா ஆலம் ஆலையிலும் பூட்டப்பட்டுப் போய்க்கொண்டே இருந்தன. 760 1990இல் நின்றது; 740 1992இல் நின்றது. இடத்தைப் பிடிக்க வந்தவர்களை வழியனுப்பிவிட்டு, 1993 மே மாதம் 240 நின்றது. அந்த வருடக் கடைசியில், ரெனோவோடு இணையும் திட்டம் பங்குதாரர்களின் எதிர்ப்பில் உடைந்துபோக, யில்லன்ஹாமரும் பதவியை விட்டு இறங்கினார்.

சாலையிலிருந்து அது மறையவில்லை. ஸ்வீடனில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கார் ஓட்ட முடியாது. ஆனால் ‘ஏ-டிராக்டர்’ ஓட்டலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டிராக்டர் கிடைக்காத விவசாயிகள் பழைய காரை அறுத்து டிராக்டராக்கினார்கள். மலிவு விலைக் கடைகளின் பெயரை ஒட்டி அதற்கு ‘எப்பா’ என்று பட்டப்பெயர் வந்தது. போர் முடிந்தும் அதை அனுமதித்த சட்டம் தங்கிவிட்டது. பஸ் வராத கிராமத்துப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பின்இருக்கையைக் கழற்றி, சிறிய சரக்குத்தட்டைப் பொருத்தி, வேகத்தைக் கட்டுப்படுத்தி, பின்புறம் மெதுவண்டி என்று காட்டும் சிவப்பு விளிம்பு முக்கோணத்தை மாட்ட வேண்டும். இதற்கு அவர்கள் விரும்பி எடுக்கும் வண்டிகளில் ஒன்று 240. பின்சக்கரம் இழுப்பதால் மாற்றுவது எளிது. உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். ஐரோப்பியப் பட்டம் வென்ற வண்டியின் தம்பி, தன்னைவிட இருபது வயது இளையவர்களை ஏற்றிக்கொண்டு கிராமச் சாலையில் போகிறது. சட்டப்படி அதன் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்.